சம்பளம் நேரில்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், சிப்காட் போகிற ஷேர் ஆட்டோ ஆள் சேர்வதற்காக நின்றுகொண்டிருக்கும். அது நிரம்புவதற்குள் எதிரே இருக்கும் மின்கம்பத்தை முழுசாகப் படித்துவிடலாம். மூலம், பவுத்திரத்துக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம், 500 ரூபாய். சிங்கிள் பெட்ரூம் வாடகைக்கு, மாதம் 5,500, அட்வான்ஸ் 40,000. செகண்ட் ஹேண்ட் பைக், கடைசி விலை 32,000. இவற்றுக்கு நடுவில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில், மஞ்சள் காகிதத்தில்: "ஆட்கள் தேவை. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. உடனடி வேலை. பஸ், கேன்டீன் வசதி உண்டு. சம்பளம்: நேரில்."

மூலத்துக்கு விலை சொல்லிவிட்டார்கள். முதுகெலும்புக்கு மட்டும் நேரில் வர வேண்டுமாம்.

எங்கள் பாட்டி காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடைக்காரர் கேட்டால், "அதாங்க, பழநியில இருக்காரே" என்று மலைப்பக்கம் கை காட்டுவார்கள். கடைக்காரர் தண்டபாணி என்று எழுதிக்கொள்வார். அந்தக் கூச்சத்தைப் பாட்டிகள் விட்டு நாற்பது வருஷம் ஆகிறது. கம்பெனிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சம்பளத்தின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். "தகுதிக்கேற்ற ஊதியம்" என்பார்கள். "தொழில்துறை வழக்கப்படி" என்பார்கள். இன்டர்நெட் விளம்பரம் என்றால் "வெளியிடப்படவில்லை" என்று ஒரு வரி, ஏதோ விசாரணைக் கமிஷன் அறிக்கை மாதிரி. எல்லாவற்றையும் மிஞ்சியது "கவர்ச்சிகரமான சம்பளம்". கண்ணில் காட்டாமலே கவர்ச்சி காட்டுகிற வித்தையைச் சினிமாக்காரர்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. நாலு வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் பி.எல்.சி. வேலை. கன்வேயர் எப்போது ஓட வேண்டும், உலை எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்று இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற கம்ப்யூட்டர் வேலை அது. போன ஆடியில் அவனுக்கு ஒரு போன் வந்தது. பக்கத்தில் நான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், கன்சல்டன்சியிலேர்ந்து பேசறேன். கும்மிடிப்பூண்டியில ஒரு லீடிங் கம்பெனியில ஓப்பனிங் இருக்கு."

"எந்தக் கம்பெனி மேடம்?"

"அது கான்ஃபிடென்ஷியல் சார்."

"சம்பளம் எவ்ளோ தருவாங்க?"

"நல்ல பேக்கேஜ் சார். நீங்க இப்ப எவ்ளோ வாங்குறீங்க?"

"நான் கேட்டது அவங்க எவ்ளோ தருவாங்கன்னு."

"கரன்ட் சி.டி.சி. சொன்னாத்தான் சார் புரொஃபைல் மூவ் ஆகும். மூணு மாச பே ஸ்லிப்பும் வாட்ஸ்அப் பண்ணிடுங்க. நோட்டீஸ் பீரியட் எவ்ளோ? இம்மீடியட் ஜாயினர்தான் பார்க்கறாங்க."

கம்பெனி பெயர் ரகசியம். சம்பளம் ரகசியம். என் மருமகனின் மூன்று மாதப் பே ஸ்லிப் மட்டும் ஊர்ப் பொதுச்சொத்து. அதில் அவனுடைய வங்கிக் கணக்கு, பி.எஃப். எண், பான் எண் எல்லாம் இருக்கிறது. பெயர் தெரியாத கம்பெனிக்காக, முகம் தெரியாத ஒருவருக்கு, டி.பி.யில் ரோஜாப்பூ வைத்திருக்கிற நம்பருக்கு, அதை அனுப்ப வேண்டும். அனுப்பினான். வேலை வேண்டுமே.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாசத்துக்கு இத்தனை பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்று அவர் தலையில் ஒரு கணக்கு இருக்கும். சேர்த்துவிட்ட ஆள் மூன்று மாசம் தாக்குப்பிடித்தால்தான் இன்சென்டிவ் கைக்கு வரும். போனை வைப்பதற்குள் நான் குறுக்கே புகுந்து, "நீங்க சேரும்போது சம்பளம் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டேன். இரண்டு விநாடி சத்தமில்லை. அப்புறம் சிரித்தார். "லைன் கட் ஆகுது சார்" என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

கோபம் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் மேல். சம்பளம் இன்னும் முடிவாகவில்லை, ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பது அவர்கள் பாட்டு. வடிகட்டின பொய். ஒரு கம்பெனியில் ஆள் எடுக்க மேலிடத்தில் அனுமதி கேட்கிற படிவத்திலேயே தொகை ஏறிவிடுகிறது. தொகை இல்லாமல் எந்த ஃபைனான்ஸ் மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்குக் கமிஷன், வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாசச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஃபைனான்ஸுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், கமிஷன் வாங்குகிறவருக்கு உத்தேசமாகத் தெரியும். வேலை செய்யப்போகிறவன் மட்டும் ஜோசியம் பார்க்க வேண்டும்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. ஒரு நாள் சம்பளம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வியாழக்கிழமை கிளம்பினான். விம்கோ நகரில் ரயில் ஏறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி. கேட்டில் செக்யூரிட்டி அவன் போனை வாங்கி, முன் கேமராவுக்கும் பின் கேமராவுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். உள்ளே பார்த்ததை வெளியே சொல்லிவிடக் கூடாதல்லவா. பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம். அதற்குள் டேப்லெட்டில் ஒரு படிவம். பெயர், படிப்பு, அப்பா தொழில், தற்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம். கடைசி இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

மருமகனுக்கு என் ரத்தம் கொஞ்சம் உண்டு. எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கட்டத்தில் "தகுதிக்கேற்ப" என்று அடித்தான். கட்டம் சிவந்தது. "எண்கள் மட்டும்" என்றது. "தொழில்துறை வழக்கப்படி" என்று அடித்தான். மறுபடியும் "எண்கள் மட்டும்". அங்கே நின்ற அட்மின் பையன் வந்து எட்டிப் பார்த்து, "நம்பர் போடணும் ப்ரோ, சும்மா வார்த்தை எல்லாம் எடுக்காது" என்றான். கம்பத்தில் அவர்கள் ஒட்டிய நோட்டீஸுக்கு இந்த சாஃப்ட்வேரைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று ரவுண்டு. எழுத்துத் தேர்வு, டெக்னிக்கல், எச்.ஆர். மதியம் மூன்றரைக்கு எச்.ஆர். மேடம் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பேனாவால் எழுதி, மேஜையில் தள்ளினாராம். வாயால் சொல்லவில்லை. 3.6 என்று இருந்தது. அவன் படித்து முடித்ததும் சீட்டைத் திரும்ப வாங்கி, நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அந்தியூர் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தரகர் கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் துண்டுக்கு அடியில் இரண்டு கை இருக்கும், இரண்டு கைக்கும் எண்ணிக்கை தெரியும். இங்கே துண்டுக்கு அடியில் ஒரே கைதான். மாட்டுக்கு எப்படியும் சொல்வதில்லை.

"மூணு புள்ளி ஆறு லட்சம், அப்ப மாசம் முப்பதாயிரம்" என்று அவன் மனசுக்குள் பால் பொங்கியிருக்கிறது. பிறகுதான் "கைக்கு எவ்ளோ மேடம்?" என்று கேட்டிருக்கிறான். அவர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். ராத்திரி அவன் நினைவில் இருந்ததை வைத்து நானும் அவனும் உட்கார்ந்து எழுதினோம். அடிப்படைச் சம்பளம் 14,000. முப்பதாயிரத்திலிருந்து முதலில் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,680. கிராஜுவிட்டி 673, ஐந்து வருஷம் முடித்தால் தருவார்கள், இவன் போகிற பிரிவில் ஐந்து வருஷம் முடித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போனஸ் 1,166, தீபாவளிக்கு. கம்பெனி கட்டும் இ.எஸ்.ஐ. 654. பஸ் 1,500. கேன்டீன் 1,200. கம்பத்தில் "வசதி உண்டு" என்று போட்டிருந்தார்களே, அந்த வசதிதான் இது. வருஷக் கடைசியில் திறமையைப் பார்த்துத் தரப்போகிற 3,000. மிச்சம் 20,127. அதில் அவன் பங்கு பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 151. கையில் விழுவது 18,296.

பி.எஃப். அவன் பணம்தான், மறுக்கவில்லை. பஸ்ஸும் கேன்டீனும் யாருடைய பணம்? ஆட்டை வாங்கிக்கொண்டு வந்து, அது வரும் வழியில் மேய்ந்த புல்லை அதன் எடையில் கழித்துக்கொள்கிற கணக்கு இது. முப்பது என்று சொல்லி உட்காரவைத்து, பதினெட்டோடு எழுப்பி அனுப்புகிறார்கள். ஒரு ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவுக்குச் சி.டி.சி. என்ற மூன்று எழுத்தைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்க வேண்டும். சிலையின் உயரத்தில் பீடத்தையும், அது நிற்கிற தெருவின் அகலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கும் சட்டம், 1959. இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் கம்பெனியும், ஆள் எடுக்கும் முன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1960-இல் வந்த விதிகளில், அந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். வேலையின் பெயர், தகுதி, வயது, எத்தனை இடம், வேலை செய்யும் ஊர். நடுவில் ஒரு வரி: சம்பளமும் படிகளும். கம்ப்யூட்டர் இல்லாத, தட்டச்சு இயந்திரம்கூட எல்லா ஆபீஸிலும் இல்லாத காலத்தில் "சம்பளத்தை எழுது" என்று சொல்லியிருக்கிறார்கள். கம்பத்தில் ஒட்டும் நோட்டீஸுக்கு அந்த விதி பொருந்தாது, உண்மைதான். ஆனால் தொகை எவ்வளவு என்று ஒரு அரசாங்க ஆபீஸில் காகிதமாக இருந்திருக்க வேண்டும்.

அறிவிக்காமல் ஏமாற்றினால்? முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 1,000. மின்கம்பத்து மூல வைத்தியரின் அதே 500. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது: அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும், அவர்கள் அனுப்புகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதவைத் தட்டு, திறக்கிறதுக்குள் ஓடிவிடு. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020-க்குள் கரைந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு அமலில். நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் போர்டு அதற்கு முன்பே நீண்டுவிட்டது: மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். போர்டு நீண்டதே தவிர, உள்ளே பதிந்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

அரசாங்க வேலைக்கு ஏன் இப்படி அலைகிறார்கள் என்று டி.வி.யில் உட்கார்ந்து அலுத்துக்கொள்கிற நிபுணர்களும் கொஞ்சம் அந்த வேலைக்கான அறிவிக்கையைப் படிக்கலாம். 2022 குரூப் 4-க்கு 7,301 இடம், ஏறத்தாழ 22 லட்சம் விண்ணப்பம். கிராம நிர்வாக அலுவலர் என்று போட்டு, பக்கத்திலேயே 19,500 முதல் 71,900 வரை என்று அச்சடித்திருந்தார்கள். பென்ஷன், பாதுகாப்பு எல்லாம் அப்புறம். விண்ணப்பிக்கும் முன்பே எவ்வளவு என்று தெரிகிற வேலை இந்த மாநிலத்தில் அதுதான்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வேலை விளம்பரத்தில் சம்பளத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றது. பெரிய பெரிய கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை, நாட்டில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம், கொலராடோவில் வசிப்பவர்கள் மட்டும் வேண்டாம் என்று விளம்பரம் போட்டன. சம்பளத்தைச் சொல்வதற்குப் பதில் ஒரு மாநிலத்தையே தள்ளிவைத்தார்கள். ஆக, வியாதி நமக்கு மட்டும் இல்லை. ஆனால் அங்கே மருந்தை நிறுத்தவில்லை. நியூயார்க் நகரம் 2022 நவம்பரில் இதே மாதிரிச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது, கலிஃபோர்னியா 2023-இல். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு நெறிமுறையைப் போட்டு, 2026 ஜூன் 7-க்குள் உறுப்பு நாடுகள் சட்டமாக்க வேண்டும் என்றது: இன்டர்வியூவுக்கு முன்பே சம்பளத்தைச் சொல்ல வேண்டும், பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே கூடாது. தாய்க் கம்பெனி அங்கே இருக்கும், பிள்ளைக் கம்பெனி சிப்காட்டில் இருக்கும். தாய் வாயைத் திறந்தாலும் பிள்ளை திறக்காது. இங்கே கேட்க ஆளில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி இருக்கிற நம் மாவட்டத்துக்கும் ஐ.டி. வந்துவிட்டது என்று பெருமைப்பட்டோம். 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தார்கள். 21 மாடி, 330 கோடி ரூபாய். மாடி எத்தனை என்று சொன்னார்கள், கோடி எத்தனை என்று சொன்னார்கள். அதன் நிழலில் நின்று பயோடேட்டா கொடுக்கிற ஆவடிப் பையனுக்கு மாசம் எத்தனை என்பது மட்டும் நேரில்.

ஒரு முறை ஐ.டி. உலகில் தொகை வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட்டின் புதியவர்களுக்கான அறிவிப்பு ஒன்றில் வருஷத்துக்கு 2.52 லட்சம் என்று இருந்தது. மாசம் 21,000. நாடே சிரித்தது. வீட்டு வாடகையும் மேகி பாக்கெட்டும் கணக்குப் போட்டுக் கிண்டலடித்தார்கள். மூன்று வருஷப் பட்டதாரிகளுக்கான தொகை அது, எஞ்சினியர்களுக்கு 4 முதல் 12 லட்சம் வரை என்று கம்பெனி விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. குறைந்தபட்சம் சொன்னார்கள். சிரித்தவர்கள், சொல்லாமல் மறைக்கிற மற்ற நூறு கம்பெனிகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஏனென்றால் பார்க்க எதுவும் இல்லை. எச்.ஆர். கூட்டத்தில் அன்றைக்கு எடுத்த பாடம் சம்பளத்தை உயர்த்துவது பற்றி இருந்திருக்காது என்பது என் ஊகம்.

போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே, அதனால்தான் மறைக்கிறோம் என்பார்கள். போட்டிக் கம்பெனிக்கு எல்லாம் தெரியும். இரண்டு கம்பெனி எச்.ஆர்.களும் ஒரே காலேஜ், ஒரே வாட்ஸ்அப் குரூப். விண்ணப்பிக்கிறவனிடம் மறைப்பதும் கூடப் பாதிதான் உண்மை. மூன்றாவது ரவுண்டில் அவனுக்கு எப்படியும் சொல்லியாக வேண்டும். பிறகு யாரிடமிருந்து மறைக்கிறார்கள்?

சிப்காட்டில் ஒரு ஷெட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒரே மெஷின். அதன் முன்னால் நாலு பேர். ஒருவர் பர்மனென்ட். ஒருவர் கான்ட்ராக்ட், அவர் சம்பளம் கான்ட்ராக்டர் கை வழியாக, கொஞ்சம் வழிந்த பிறகு வருகிறது. ஒருவர் ட்ரெயினி. ஒருவர் அப்ரென்டிஸ், 1961-ஆம் வருஷச் சட்டப்படி அவர் தொழிலாளியே இல்லை, கற்றுக்கொள்கிறவர், ஆகவே அவருக்குச் சம்பளம் கிடையாது, உதவித்தொகைதான். ஒடிசாவிலிருந்து வந்த தம்பியும் கவரைப்பேட்டைத் தம்பியும் ஒரே போல்ட்டை முறுக்குவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இன் கீழ் வந்த விதிகள், ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சொல்லியிருந்தன. விதி அப்படிச் சொல்லிவிட்டுத் தன் ஃபைலுக்குள் தூங்கப் போய்விட்டது. நாலு பேருக்கும் நாலு தொகை. ஷெட் இடிந்து விழாமல் நிற்பதற்கு ஒரே காரணம், இவன் தொகை அவனுக்குத் தெரியாது என்பதுதான்.

வெளியே கம்பத்தில் ஒரு எண்ணை எழுதி ஒட்டினால், அதை முதலில் படிக்கப்போவது வேலை தேடி வருகிறவன் இல்லை. ஷிஃப்ட் முடிந்து அதே ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற உள்ளே இருப்பவன். ஒன்பது வருஷமாக வருஷத்துக்கு முந்நூறு, நானூறு என்று ஏறி வந்தவன், நாளை வரப்போகிறவனுக்கு என்ன விலை என்று பார்ப்பான். மறுநாள் காலையில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எச்.ஆர். வாசலில் நிற்பான். அந்த ஒரு காலையைத் தவிர்க்கத்தான் இத்தனை கூச்சமும்.

மருமகன் வேலையை ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். "யோசிங்க, ஆனா இந்த ஃபிகரை யார்கிட்டயும் டிஸ்கஸ் பண்ணாதீங்க" என்று மேடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாராம். கேட்டில் செக்யூரிட்டி போனைக் கொடுத்து ஸ்டிக்கரை உரித்தார். பாதி உரிந்து பாதி லென்ஸிலேயே ஒட்டிக்கொண்டது. இவன் நகத்தால் சுரண்டிக்கொண்டே ரோட்டோரம் நின்றான். பக்கத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருவர், ஐம்பது வயது இருக்கும், டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் அதே கம்பெனி அடையாள அட்டை.

"இன்டர்வியூவா தம்பி?"

"ஆமாண்ணா."

"எந்த டிபார்ட்மென்ட்டு?"

"மெயின்டனன்ஸ்."

அவர் கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எவ்ளோ சொன்னாங்கோ?"

மேடம் சொன்னது ஞாபகம் வந்ததாம். அதோடு, காலையிலிருந்து தன்னிடம் யாரும் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்பதும் ஞாபகம் வந்ததாம்.

"கைக்குப் பதினெட்டுண்ணா. ஏமாத்துறாங்க."

அவர் டிபன் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"பதினெட்டா?" என்றார். "அவ்ளோவா தர்றாங்கோ?"